எச்சரித்தால் மட்டும் போதாது, தடுக்கவும் வேண்டும்

மாணவர்களே, ஒரே வரியைத் தவறுதலாக இரண்டு முறை எழுதினால் என்ன ஆகும்? கட்டுரையில் என்றால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். கணினி நிரலில் அப்படி நேர்ந்தபோது ஐபோன், ஐபேட், மேக் கணினிகளின் பாதுகாப்பே கேள்விக்குறியானது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அந்தப் பிழைக்கான திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணையத்தளத்தோடு இணையும்போது அதன் மின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில், 'கோட்டு ஃபெயில்' என்ற கட்டளை அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதல் கட்டளை, பிழை இருந்தால் மட்டுமே வெளியே தாவும். இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை. ஆகவே நிரல் எப்போதும் அங்கிருந்து தாவியது. கீழே இருந்த கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. ஆனால் 'எல்லாம் சரி' என்ற முடிவு கிடைத்தது. பொது வைஃபையில் இருக்கும் ஏமாற்றுக்காரர் வங்கியின் தளம்போல் நடிக்க இது போதும்.

நிரலை இயக்காமலேயே வாசித்துக் குறை காணும் கருவிகள் புதியவை அல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் 'லிண்ட்' என்ற கருவியை எழுதினார். எட்டவே முடியாத வரிகளைக் காட்டும் கருவிகள் 2014க்கு முன்பே இருந்தன.

இன்று பல குழுக்கள் 'தொடர் ஒருங்கிணைப்பு' முறையைப் பின்பற்றுகின்றன. ஒருவர் தம் நிரலைப் பொதுத் தொகுப்பில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், ஒரு கணினி தானாகவே அதைக் கட்டமைத்து, சோதித்து, தரத்தையும் ஆராயும். என் கருத்து இதுதான்: கடுமையான குறை தென்பட்டால் அந்தக் கட்டமைப்பு அங்கேயே நிற்க வேண்டும். வெறும் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். "இப்படி நிறுத்தினால் வேலை தாமதமாகுமே" என்பீர்கள். முதல் நாளிலிருந்தே தொடங்கினால் ஒரு நேரத்தில் ஓரிரு குறைகளைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

பைத்தான் எழுதுவோர் 'பைலிண்ட்' கருவியை இலவசமாகப் பயன்படுத்தலாம். அது பத்துக்கு மதிப்பெண்ணும் தரும். அந்த எண்ணில் மயங்காதீர்கள். முக்கோணத்தின் பரப்பளவைக் கணக்கிட இரண்டால் வகுக்க மறந்த நிரலும் பத்துக்குப் பத்து வாங்கலாம். விடை சரியா என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். எச்சரிக்கையை மறைக்கும் கட்டளையும் அதில் உண்டு. காரணம் புரியாமல் அதைத் தொடாதீர்கள். அடுத்த பள்ளித் திட்டப்பணியின் முதல் கோப்பிலேயே இந்தச் சோதனையைத் தொடங்குங்கள்.