தண்ணீர் தாங்கும் பாரம்



கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் பாரம் பெரிதாகத் தெரியாது. நீர்மட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் கையை இழுக்கும். வாளியும் அதேதான், அதிலுள்ள தண்ணீரும் அதேதான். அப்படியானால் உள்ளே இருந்தபோது அந்தப் பாரத்தைத் தாங்கியது எது?

கிணற்றுத் தண்ணீர்தான். தன்னுள் அமிழும் எப்பொருளையும் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. இதையே நம் பிள்ளைகள் பாடசாலையில் 'மேலுதைப்பு' என்று படிக்கிறார்கள். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறையே மேலுதைப்பின் அளவு. கி.மு. 212இல் இறந்த கிரேக்க அறிஞர் ஆக்கிமிடிஸ் கண்ட விதி இது.

குசினியில் இந்த விதி தினமும் உதவும். முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாள் செல்லச் செல்ல ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகும். அதனால் முட்டை நிமிர்ந்து நிற்கும். மிகவும் பழையது மிதக்கும். மிதப்பது பழையது என்பதற்கே அடையாளம். கெட்டதா என்பதை உடைத்து, மணத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நகைக்கும் இதே விதிதான். 1121ஆம் ஆண்டில் 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலை எழுதிய அல்காஸினி, தங்கத்தில் கலப்படம் உண்டா என்று நீரில் நிறுத்துக் கண்டறியும் தராசை அதில் விளக்கியுள்ளார். இரண்டு பவுண், அதாவது 16 கிராம் நிறையுள்ள 22 கரட் காப்பு தண்ணீருக்குள் ஏறக்குறைய 0.9 கிராம் நிறை குறையும். அதே நிறையுள்ள பித்தளைக் காப்பு ஏறக்குறைய 1.9 கிராம் குறையும். ஆனால் கல் பதித்த நகைக்கும் உள்ளே வெற்றிடமுள்ள நகைக்கும் இக்கணக்குப் பொருந்தாது.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருவோம்.

மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிகக் கிட்டியது. சுவாசப்பை நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானோர் மிதப்பர். ஆனால் உடலின் சிறு பகுதியே நீருக்கு மேலே நிற்கும். தத்தளிப்பவர் கைகளை மேலே தூக்கினால் என்ன நடக்கும்? கைகள் நீரை விலக்காததால் அவற்றுக்கான மேலுதைப்பு இல்லாமற் போகிறது. அவற்றின் பாரம் தலையை நீருக்குள் அமிழ்த்துகிறது. ஆகவே கைகளை நீருக்குள்ளேயே விரித்து, தலையைப் பின்னே சாய்த்து, வாயும் மூக்கும் மேலே இருக்க மல்லாந்து கிடப்பதே பாதுகாப்பு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளையொன்று தண்ணீரில் விழுந்தால், நீந்தத் தெரியாத தாய் பாசத்தால் பின்னாலேயே குதித்துவிடுகிறாள். அப்போது ஆபத்து இருவருக்காகிறது. அதற்குப் பதிலாகக் கூக்குரலிட்டு ஆட்களை அழைத்தபடி, மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை எறியுங்கள். ஐந்து லீற்றர் கேன் முழுதாக அமிழ்ந்தால் விலக்கும் தண்ணீரின் நிறை ஐந்து கிலோ. கேனின் சொந்தப் பாரம் மிகச் சொற்பம். எனவே கிட்டத்தட்ட ஐந்து கிலோ பாரத்தை அது தாங்கும். நீரில் கிடக்கும் ஒருவரின் முகத்தை மேலே வைத்திருக்க அந்த உதவி பெரும்பாலும் போதும். கேனில் நீண்ட கயிறு கட்டியிருந்தால் கரைக்கு இழுத்தும் எடுக்கலாம்.

தேங்காயெண்ணெய் தீர்ந்ததும் கேனை வீசிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, கயிறு கட்டி, கிணற்றடியில் ஒன்று தொங்கட்டும். ஆற்றுக்கோ குளத்துக்கோ குளிக்கப் போகும்போதும் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். செலவில்லாத இந்தச் சிறு ஏற்பாடு ஓர் உயிரைக் காக்கலாம்.