நிமிஷக் கணக்கு

இலக்கிய நண்பர்கள் கூடுகிற இடங்களில் சமீபமாக ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. யூட்யூபில் பார்க்க ஒன்றுமேயில்லை, முன்பாவது பரவாயில்லை, இப்போது வாயைப் பிளந்த முகமும் சிவப்பு அம்புக்குறியும்தான் மிச்சம் என்று. சொல்கிறவர்கள் நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் கறாரான அபிப்பிராயங்கள் உள்ளவர்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் பத்திரிகைகளை மட்டும் புரட்டிவிட்டு ஒருவன் 'தமிழில் சிறுகதையே கிடையாது' என்று சொன்னால் இவர்கள் அவனை மேலே பேச விடமாட்டார்கள். மௌனியைப் படித்தாயா, கு.ப.ரா.வைப் படித்தாயா என்று குடைந்து எடுப்பார்கள். ஆனால் கையிலிருக்கும் திரை விஷயத்தில் இவர்களே அந்தக் கயிற்றைத் தாண்டிப் போவதில்லை. தொங்குவதைப் பார்க்கிறார்கள், இரண்டு மணி நேரம் பார்க்கிறார்கள், பிறகு குப்பை என்று தீர்ப்பு வழங்குகிறார்கள்.

கயிற்றில் எதைத் தொங்கவிடுவது என்று தீர்மானிப்பது எது? இது ரகசியமல்ல. 2012-ல் அந்த நிறுவனம் தன் பரிந்துரை முறையை மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்குப் பதில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது அளவுகோலாயிற்று. 2016-ல் கூகிள் எஞ்சினீயர்கள் மூவர் இதன் உள்வேலையை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். படங்களை வரிசைப்படுத்தும்போது யந்திரம் கணிக்க முயல்வது, இந்த ஆசாமி இதை எத்தனை நேரம் பார்ப்பான் என்பதைத்தான். திருப்தியாக இருந்ததா என்று பார்வையாளரிடம் கேட்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம் என்று பின்னால் சொன்னார்கள். ஹோட்டல் சிப்பந்தி நீட்டும் அட்டையில் நாமெல்லோரும் என்ன எழுதுவோம் என்பது தெரிந்ததுதான். 2018-ல் அந்த நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் பெருமையோடு சொன்னார்: யூட்யூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரையின் வழியாக வருகிறதாம். அதாவது பத்தில் ஏழு பங்கு நேரம், தான் தேடாத ஒன்றைத்தான் மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வங்கி லெட்ஜரோடு காலம் தள்ளுகிறவன் நான். கணக்கில் எவ்வளவு ரூபாய் இருக்கிறது என்று லெட்ஜர் பைசா சுத்தமாகச் சொல்லும். அந்த ரூபாய் வியர்வையில் வந்ததா வேறெதில் வந்ததா என்று சொல்லாது. அது லெட்ஜரின் குற்றமல்ல. லெட்ஜரைப் பார்த்து மனிதர்களின் தராதரத்தை நிர்ணயிக்கக் கிளம்பினால், அது கிளம்பியவனின் கோளாறு.

இந்த நிமிஷக் கணக்கு வெறும் வரிசையை மட்டும் நிர்ணயித்திருந்தால் கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அது உருவத்தையே வளைக்கிறது. எட்டு நிமிஷமாவது ஓடினால்தான் ஒரு படத்தின் நடுவே விளம்பரம் நுழைக்கலாம். 2020 ஜூலைக்கு முன் இது பத்து நிமிஷமாக இருந்தது. ஆகவே இரண்டு நிமிஷ விஷயம் எட்டு நிமிஷமாக உப்புகிறது. குழாயில் வாஷர் மாற்றுவதைக் காட்ட வந்தவர் முதலில் தண்ணீரின் மகிமையைப் பேசுகிறார், பிறகு 'கடைசி வரை பாருங்கள், ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது' என்கிறார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் கதவு திறந்தது, அங்கே நின்றவன்... தொடரும், என்று போடுவார்களே, அதே சரக்கு. அன்று அதைத் தோலுரித்துக் காட்ட சில சிறு பத்திரிகைகளாவது இருந்தன. இன்று முகப்புப் படம் தயாரிப்பதே தனித் தொழிலாகிவிட்டது. ஒரே படத்துக்கு மூன்று முகப்புகள் வரை கொடுத்தால், எதில் மக்கள் அதிக நேரம் தங்குகிறார்கள் என்று நிறுவனமே சோதித்துச் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. அதே நிறுவனம்தான் 2024 டிசம்பரில், உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொல்லும் மோசமான ஏமாற்றுகளை இந்தியாவில் இனி அகற்றப்போவதாகவும் அறிவித்தது. தூண்டிலும் அவர்கள் கொடுப்பது, தூண்டிலில் மாட்டிய மீனுக்காகக் கண்ணீரும் அவர்கள் விடுவது.

இதற்குப் பதில் சொல்கிறவர்களில் நேர்மையானவர் வெரிடாசியம் என்ற பெயரில் விஞ்ஞானப் படங்கள் எடுக்கும் டெரக் முல்லர். 2021-ல் இதையே பொருளாக வைத்து ஒரு படம் வெளியிட்டார். ஏமாற்றும் தலைப்பு வேறு, ஆர்வத்தைத் தூண்டிவிட்டுச் சொன்னதைக் கொடுத்தும் விடுகிற தலைப்பு வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் நல்ல விஷயமும் யாரையும் சென்று சேராது என்பது அவர் வாதம். பௌதிகத்தைக் கற்பிப்பது பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர், தலைப்புக்குக் கீழே வைக்க அவரிடம் சரக்கு இருக்கிறது. என் சந்தேகம் அவரைப் பற்றியதல்ல. வெளியிட்ட பிறகு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துத் தலைப்பை மாற்றுகிற பழக்கம் ஒருவனுக்கு வந்துவிட்டால், அடுத்தபடியாக அவன் எண்ணிக்கையைப் பார்த்து விஷயத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு என்ன உத்தரவாதம்? அவருடைய வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சரக்கை விட்டுவிட்டவர்கள்தான் நம் தமிழ்த் திரையில் நிரம்பி வழிகிறார்கள்.

மேலும், அந்த வாதம் உண்மைக்கு முழுக்கப் பொருந்துவதுமில்லை. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வடகோடியில், ஜான் பிளாண்ட் என்ற மனிதர் 2015 முதல் படங்கள் போட்டு வருகிறார். அரைக்கால் சட்டை, வெறும் மேல், வெறுங்கை. மண்ணைக் குழைக்கிறார், உலை மூட்டுகிறார், ஓடு சுடுகிறார், குடிசை கட்டுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, பின்னணி இசை இல்லை. என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது வேண்டுமென்றால், படத்தின் அடியெழுத்தை நாமே முடுக்கிப் படித்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடிப் பேருக்கு மேல் அவருக்குச் சந்தா சேர்ந்தார்கள். மக்கள் பொறுமையற்றவர்கள் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

அவர் வெற்றி பெற்றதும் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அதே மாதிரி சட்டையில்லாத ஆட்கள், அதே மௌனம், காட்டுக்குள் நீச்சல் குளமும் மாளிகையும் கட்டுகிற படங்கள் குவிந்தன. காமிராவுக்கு மறைவில் மண்வெட்டும் யந்திரத்தை வைத்துத் தோண்டினார்கள் என்பது அவற்றில் சிலவற்றைப் பற்றிப் பின்னர் வெளியாயிற்று. பரிந்துரை யந்திரம் அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது. அதன் கணக்கில் இரண்டும் ஒரே நிமிஷங்கள்தானே. பிளாண்டின் அடியெழுத்தை ஒரு தடவை ஊன்றிப் படித்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்: ஒன்றில் களிமண் வெடிப்பது ஏன் என்ற கேள்வி இருக்கிறது, மற்றதில் குளம் மட்டும்தான் இருக்கிறது.

சினிமாவை எடுத்துக்கொள்வோம். டோனி ஜோ, டெய்லர் ராமோஸ் என்ற இருவர் 2014-லிருந்து 2016 வரை 'எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங்' என்ற பெயரில் 28 கட்டுரைப் படங்கள் செய்தார்கள். குரோசாவாவின் சட்டகத்தில் மழையும் காற்றும் கூட்டமும் எப்படி அசைகின்றன, ஜாக்கி சானின் சண்டையில் அடியும் அதன் விளைவும் ஒரே ஷாட்டில் தெரிவதால் சிரிப்பு எப்படி வருகிறது என்று காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். பிறகு 2017-ல், முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்து நிறுத்தினார்கள். 2024-ல் கொஞ்சமாகத் திரும்ப வந்தார்கள். அதைப் பார்த்தவன் அடுத்த தமிழ்ப் படத்தைப் பார்க்கும்போது அவன் கண் கொஞ்சமாவது மாறியிருக்கும். நம் ஊர்த் திரை விமர்சனமோ முதல் காட்சி விட்டதும் தியேட்டர் வாசலில் தொடங்குகிறது. கதையைச் சொல்லி, இடைவேளைக்குப் பின் தொய்வு என்று சொல்லி, ஒரு தடவை பார்க்கலாம் என்று முடிகிறது. காமிரா எங்கே நின்றது என்று இவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

தமிழில் ஒன்றுமேயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்ருதி டி.வி. இருக்கிறது. இலக்கியக் கூட்டம் எங்கே நடந்தாலும் காமிராவை நிறுத்தி முழுக்கப் பதிவு செய்து போடுகிறார்கள். அலங்காரமில்லை. மண்டபத்தின் எதிரொலி, மைக்கின் கீச்சொலி, நன்றியுரை உட்பட எல்லாம் அப்படியே. ஆயிரக்கணக்கான பேச்சுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. நம் எழுத்தாளர்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? தன் பேச்சு ஏறிவிட்டதா, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள. அதில் எந்தப் பேச்சு கேட்கத் தகுந்தது, எது வெறும் மாலை மரியாதை என்று ஒரு பக்கம் எழுதியவர் யார்? சிபாரிசு செய்வதற்கு ஆளில்லாத இடத்தில்தான் யந்திரம் சிபாரிசு செய்கிறது.

முன்பு பிடிக்கவில்லை என்று கட்டைவிரலைக் கீழே காட்டியவர்களின் எண்ணிக்கையாவது எல்லோர் கண்ணிலும் படும். 2021 நவம்பரில் அதையும் மறைத்தார்கள். முரட்டுத்தனமான அளவுதான், ஆனாலும் வாஷர் மாற்றத் தெரியாதவன் வாஷர் பற்றிப் பேசினால் அது காட்டிக்கொடுத்தது. ஒரே ஒரு நல்ல காரியம் 2023 ஆகஸ்டில் நடந்தது. பார்த்தவற்றின் பதிவை அழித்து, பதிவதையும் நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் காலியாக வரும். நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான் முதலில் செய்யுங்கள் என்று. காலிப் பக்கத்தின் முன் உட்கார்ந்தவன் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தாக வேண்டும். அதன்பின் ஒருவரைப் பிடித்து, அவர் யாரை மதிக்கிறார் என்று பார்த்து அங்கே போக வேண்டும். எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறவரா, தப்பு செய்தால் திருத்திச் சொல்கிறவரா, சொல்ல ஒன்றுமில்லாத வாரத்தில் சும்மா இருக்கிறவரா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன ஒன்று போதும், பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

நல்லது எது என்று தீர்மானிக்க நீங்கள் யார் என்று கேட்பார்கள். 1959-ல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோதும் கேட்டார்கள். இப்போதும் ஒருவர் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார், பெயரும் முகவரியும் இல்லாமல். நான் கேட்பது பெயர் போட்டுச் செய்யுங்கள் என்பதுதான். அபிப்பிராயத்தின் கீழே கையெழுத்து இருந்தால் அதோடு சண்டை போடலாம். யந்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். புத்தக மதிப்புரைக்கு ஒதுக்குகிற பக்கங்களில் ஒன்றரைப் பக்கம் இதற்குக் கொடுங்கள். ஸ்ருதி டி.வி.யில் சென்ற ஆறு மாதங்களில் ஏறிய பேச்சுகளில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க வேண்டாம், ஏன், என்று அடுத்த இதழுக்கு நான் எழுதித் தருகிறேன். பேசியவர்களில் பலர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்கள்.