சுமையைக் கணக்கிட்டவர் யார்?

திருப்பூர் ராயபுரம் போன்ற பகுதிகளில் வீட்டின் மீது ஒரு தளம் எழுப்பித் தையல் எந்திரங்களை நிறுத்துவது புதிதன்று. சுமையைக் கணக்கிட்டவர் யார் என்று நான் கேட்டால், ஒப்பந்ததாரரையே கைகாட்டுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்கினால் போதும். இலகுரக எந்திரங்கள் இயங்கும் கூடத்துக்கு 500 கிலோ வேண்டும். துணிக்கட்டுகளை அடுக்கினால் இன்னும் கூடும்.

பொருளியலில் இதைத் தகவல் சமனின்மை என்போம். பூச்சு பூசிய பிறகு உள்ளிருக்கும் கம்பி எவ்வளவு என்பது ஒப்பந்ததாரருக்கு மட்டுமே தெரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டவர் கம்பியைக் குறைத்தால் இலாபம் அவருக்கு, ஆபத்து வீட்டுக்காரருக்கு. அவரே அழைத்துவரும் பொறியாளர் அவருக்கு எதிராக எழுதித்தருவார் என எதிர்பார்ப்பது பேதைமை. கட்டமைப்புப் பொறியாளரை உரிமையாளரே தனியாக அமர்த்தி, கட்டணத்தையும் தாமே செலுத்த வேண்டும்.

அனுமதிதான் இருக்கிறதே என்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடமும் அனுமதி பெற்றதுதான். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால், வீடு என்று சான்றளித்த இடத்தில் ஆறே மாதத்தில் பனியன் பட்டறை வைத்தால், மேலே தைப்பவர்களும் கீழே உறங்குபவர்களும் எந்தக் கணக்கை நம்பி இருக்கிறார்கள்?