முற்றின கறியும் முதிர்ந்த வயசும்

அறுபத்தைந்து தாண்டிவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும். "உங்களால மெல்ல முடியாதுப்பா, ஜீரணமும் ஆகாது" என்று பெரியவர் தட்டில் ரசம் சாதத்தைப் போட்டுவிடுவார்கள். போனால் போகிறதென்று இரண்டு கரண்டி குழம்பை மேலே ஊற்றுவார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பில் நஷ்டப்படுவது பெரியவர்தான் என்பது என் கட்சி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வடலூர் நமக்குப் பக்கம். வள்ளலார் வழியில் புலால் மறுத்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்களுக்குப் பருப்பு, மொச்சை, தயிர் இருக்கிறது. நான் பேசுவது, ஆயுசு முழுக்கக் கறி சாப்பிட்டுவிட்டுப் பல் போனதால் மட்டும் நிறுத்திக்கொண்டவர்களைப் பற்றி.

வயசாக ஆகத் தசை கரைகிறது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுவதும், படியில் தடுமாறுவதும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020-இல் ஐ.சி.எம்.ஆர். சொன்ன கணக்கு. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச வல்லுநர் குழு சொன்னது. அப்படியென்றால் 60 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு தட்டுச் சோற்றில் ஐந்து கிராம் வந்தால் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம். எலும்பில்லாத ஆட்டுக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம். ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது?

மெல்ல முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அது அடுப்படியில் தீர்க்கக்கூடிய சங்கதி.

நம் பக்கத்துக் கறிகள் பலவும் முரட்டுக் கறிகள்தாம். ஆடி மாசத்தில் அய்யனார் கோயிலில் வெட்டும் கிடா நன்றாக வளர்ந்தது; வீச்சமும் அதிகம். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்து, நத்தையும் பூச்சியும் தின்று வளர்ந்தது. முட்டை விட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடையில் விற்கும் பிராய்லர் ஆறு வாரக் குஞ்சு; ஓடியாடி வேலை செய்த உடம்பு இல்லை. வேலை செய்த தசையில் இணைப்புத் திசு அதிகம், வயசாக ஆக அது இறுகும். அதுதான் கறியை நார் நாராக்குகிறது. (வீராணம் பக்கம் ஒரு காலத்தில் மடையானும் கொக்கும் விற்றார்கள். அந்த ருசியைச் சிலர் இன்னும் பேசுகிறார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். பேச்சோடு விட்டுவிடுவோம்.)

இந்த இணைப்புத் திசு பெரிய தீயில் மசியாது. ஈரத்தோடு, சிறு தீயில், நேரம் கொடுத்தால் கூழாக இளகிவிடும். அவசரமாக வறுத்தால் செருப்புத் தோல்தான். நம் அம்மாக்கள் மண்சட்டியில் மூன்று மணி நேரம் வைத்தது இதற்குத்தான். இன்று குக்கர் இருக்கிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இளங்கறிக்கு 20 நிமிஷம், முற்றின கிடாவுக்கும் கிழட்டுக் கோழிக்கும் 40 நிமிஷம். ஆவி தானாக அடங்கட்டும். முன்னதாகத் தயிர், இஞ்சி, மஞ்சள் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவைப்பதும், வேகும்போது ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவதும் உதவும்.

வீச்சத்துக்கும் வழி உண்டு. கிடா வீச்சம் பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. வாத்துக்குத் தோலடிக் கொழுப்பிலும், வால் பக்கத்து எண்ணெய்ச் சுரப்பியிலும். கொழுப்பை அரிந்து எடுக்கச் சொல்லி வாங்குங்கள். வீச்சமும் குறையும், இதயத்துக்கும் நல்லது. இன்னொரு உபாயம், சனிக்கிழமை சாயங்காலமே வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. காலையில் கொழுப்பு மேலே ஆடையாகக் கட்டியிருக்கும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டுக் குழம்பு வையுங்கள். மறுநாள் குழம்புக்கு ருசி கூடும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல் இல்லாதவருக்குக் கொத்துக்கறி வாங்கலாம். வெந்த கறியை விரலால் உதிர்த்துக் கொடுக்கலாம். கோலா உருண்டையை எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகவைத்துக் குழம்பில் போடலாம்.

இனி அளவு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்புக் கறியை வாரத்துக்குச் சமைத்த நிலையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அது மேல் வரம்பு. வாரம் ஒரு நாள் 100 கிராம் கறி, இன்னொரு நாள் கோழி அல்லது வாத்து, மற்ற நாட்களில் மீன், முட்டை, பருப்பு என்று போனால் நமக்குத் தாராளம். கால் கிலோ கறியில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு வீட்டுக்கே குழம்பு வைத்த கணக்கு, வறுமையால் வந்ததானாலும், வைத்தியத்துக்குப் பொருந்துகிறது.

சில எச்சரிக்கைகள். ஆட்டுக்கால் சூப்பை எலும்புக்கு மருந்தாக நினைத்துக் குடிக்கிறோம். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதிலுள்ள புரதமும் அரைகுறைப் புரதம். சூப்பைக் குடியுங்கள், கறியையும் சாப்பிடுங்கள். யூரிக் அமிலம் கூடினவர்களுக்கு ஈரல், குடல், கெட்டிச் சாறு ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. உப்புக்கண்டம் ருசிதான்; ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஞாபகத்தில் மட்டும் இருக்கட்டும்.

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?" என்று மருமகள்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலைக்குப் போய் வரும் பெண்ணின் தலையில் இதையும் கட்டக்கூடாது. ஆனால் ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? கறிக்கடைக்கு நாம் போகலாம். கொழுப்பை அரிய, வெங்காயம் உரிக்க, சிறு தீயைக் காவல் காக்க நம்மால் முடியும். முற்றின கறி கேட்பது பொறுமையைத்தான். வீட்டில் அது அதிகம் இருப்பது நம்மிடம்.