பேசுவதற்கு ஆளில்லாத முதுமை

இடப்பெயர்வினால் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுத்தால் வீடு, காணி, கிணறு, மாடு, விதைநெல் என்று பட்டியல் நீளும். இழப்பீட்டுப் படிவங்களிலும் இவற்றை எழுத இடம் உண்டு. ஆனால் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய எமது மூத்தவர்கள் இழந்த ஒன்றை எந்தப் படிவமும் கேட்டதில்லை. அது பேச்சுத்துணை. வேலிக்கு மேலால் கதைத்த அயல், சங்கக்கடை வாங்கு, வயல் வரம்பில் வெற்றிலைத் தட்டத்தோடு கூடிய நண்பர்கள் என்று அறுபது ஆண்டுகளாக வளர்ந்த உறவுகள் ஓர் இரவில் அறுந்து போயின.

ஒரு கிராமம் இடம்பெயரும்போது அது முழுதாக ஓரிடத்துக்குப் போவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களும், 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களும் இதை அறிவர். தங்கை மன்னாரிலும் சம்பந்தி வவுனியாவிலும் மகன் கனடாவிலும் இருப்பார்கள். ஒரே வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சிய தோழன் எங்கே என்றே தெரியாது. இளையோருக்குப் பாடசாலையும் வேலைத்தலமும் கலியாணமும் புதிய அயலைத் தேடித் தந்தன. நடக்க இயலாத முதியவருக்குப் புதிய அயல் எளிதில் அமைவதில்லை. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களிலும் பலர் பழைய அயலவர் திரும்பாத ஊருக்கே திரும்பினர்.

இது மனக்குறை மாத்திரமல்ல, உடல்நலப் பிரச்சினையும் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு பற்றிய ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாகவும், ஒவ்வொரு மணித்தியாலமும் ஏறக்குறைய 100 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டுள்ளது. எமது நாட்டின் 2012 குடிசன மதிப்பீட்டில் நூறு பேரில் பன்னிருவர் 60 வயதைக் கடந்திருந்தனர். எனவே இது ஒரு சில வீடுகளின் கதை அல்ல.

டைனமோ கற்பித்த பாடம்

இதற்குத் தொழில்நுட்பம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு எமது மக்களின் அனுபவத்தையே நினைவூட்ட விரும்புகிறோம். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒரு பொடியன் சுற்ற, பத்து முதியவர்கள் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். காணாமற்போன உறவுகளுக்குச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் குடும்பச் செய்திப் படிவத்தில் நான்கு வரி எழுதி அனுப்பினோம். இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களைக் கேட்டு, சிதறிப்போன உறவுகளின் துயரத்தை அறிந்துகொண்டோம்.

இந்தக் கருவிகள் யாவும் எளியவை. ஆயினும் அவை ஆட்களை ஒன்றுசேர்த்தன. வானொலி ஒன்று, கேட்டவர் பலர், கேட்ட பின் நடந்த விவாதம் அதைவிட நீளம். இன்று வீட்டுக்கு மூன்று கைத்தொலைபேசிகள் உண்டு. ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு திரை. திண்ணையில் இருக்கும் ஆச்சியிடம் மட்டும் ஒன்றும் இல்லை. அவர் நம்பியிருந்த தமிழோசை வானொலிச் சேவையும் 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. செய்தி இப்போது திரைக்குள் வருகிறது. திரை அவருக்கு எட்டுவதில்லை.

காட்டுவது கதைப்பதாகாது

நாம் வீடுகளுக்குச் செல்லும்போது அடிக்கடி காணும் காட்சி இது. ஞாயிறு மாலையில் வெளிநாட்டிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் அழைப்பான். கைத்தொலைபேசி கைமாறிக் கைமாறிக் கடைசியாகக் கிழவியின் முகத்துக்கு முன்னே நீட்டப்படும். "அம்மம்மா, மாமாவைப் பாருங்கோ, கையைக் காட்டுங்கோ" என்று மூவர் ஒரே நேரத்தில் சத்தமிடுவர். அவர் கையைக் காட்டுவார், "சாப்பிட்டியோ?" என்று கேட்பார். பதில் விளங்குமுன் தொலைபேசி அடுத்தவரிடம் போய்விடும். இங்கே அவர் மகனோடு கதைக்கவில்லை; மகனுக்குக் காட்டப்பட்டார், அவ்வளவுதான்.

இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. முதுமையின் உடலை நாம் விளங்கிக்கொள்ளாததே காரணம். வயதோடு வரும் செவிப்புலக் குறைவு முதலில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையே தாக்குகிறது. அதனால் குரல் கேட்கும். சொல் பிரிந்து விளங்காது. சாதாரணத் தொலைபேசி நெடுங்காலமாக 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கடத்தி வந்தது. மெய்யொலிகளின் கூர்மை அதில் மேலும் மழுங்கும். கத்தினால் ஒலி சிதறுமேயன்றித் தெளிவு வராது. ஒருவர் மாத்திரம், தாழ்ந்த குரலில், ஆறுதலாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதைத்தால் பாதிச் சிக்கல் தீரும். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று வைத்தியசாலையில் பார்ப்பதும் முக்கியம். செவிப்புலக் குறைவைக் கவனியாது விடுவது மறதிநோய்க்கு வழிகோலும் காரணிகளுள் ஒன்று என்பதை 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2017, 2020, 2024ஆம் ஆண்டு அறிக்கைகளில் எடுத்துக்காட்டியுள்ளது.

இனி விரலைப் பார்ப்போம். தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்தே இயங்குகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, வயதினால் ஈரம் வற்றிய விரலை அது பல வேளைகளில் உணர்வதில்லை. கை நடுங்கினால் ஒரு தொடுகை இரண்டாகும், வேறு ஏதோ திறந்துகொள்ளும். "எனக்கு இது சரிவராது மோனை" என்று முதியவர் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவருக்கு அறிவு போதாது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவரது விரலுக்காக அந்தக் கருவி செய்யப்படவில்லை என்பதே உண்மை.

பட்டன் போனே போதும்

ஆகவே மிக முதியவர்களுக்கு விலை கூடிய கருவி தேவையில்லை என்பது எமது கருத்து. அழுத்தினால் அமிழும் பொத்தான் உள்ள சாதாரணப் பட்டன் போன் ஒன்று போதும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சில நாட்களுக்கு நிற்கும். 5ஆம் பொத்தானில் ஒரு சிறு புள்ளி தடித்திருக்கும்; பார்வை குன்றியவரும் அதைத் தடவி மற்ற எண்களை அறியலாம். இலக்கங்களைப் பதிந்து வைத்தால், 2ஐ அழுத்திப் பிடிக்க மூத்த மகள், 3ஐ அழுத்திப் பிடிக்கத் தங்கை, 4ஐ அழுத்திப் பிடிக்கப் பக்கத்து வீடு என்று அமைத்துவிடலாம். எழுத்து அறியாதவருக்கு, ஒரு மட்டையில் அந்தந்த எண்ணைப் பெரிதாக எழுதி அருகில் அவரவர் படத்தை ஒட்டிச் சுவரில் மாட்டினால் ஆயிற்று. ஒரு மாலைப் பொழுதில் பேரப்பிள்ளை ஒருவன் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், அழைப்பை ஏற்பது மட்டுமன்றி, தான் நினைத்த நேரத்தில் தானே அழைப்பது. பிறர் அழைக்கும்வரை காத்திருப்பவர் தயவில் வாழ்பவராகிறார். நினைத்தபோது தங்கையை அழைத்து, "பனங்கிழங்கு கிண்டியாச்சோ?" என்று கேட்கக்கூடியவர் இன்னும் தன் வாழ்வைத் தானே வாழ்கிறார். அந்தச் சிறு உரிமையை மகனின் சட்டைப் பையிலோ மருமகளின் அலுமாரியிலோ பூட்டி வைக்கலாகாது.

வட்ஸ்அப் குரற்செய்தியும் நல்ல கருவியே. நேர வித்தியாசம் உள்ள நாட்டிலிருக்கும் பிள்ளை இரவில் கதைத்து அனுப்பியதைக் காலையில் பேத்தி போட்டுக் காட்டலாம். விளங்காவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கலாம். உரையாடலில் பின்தங்கும் முதியவருக்கு இது பெரிய ஆறுதல்.

உண்மையை மறைக்கலாமா?

இன்னொரு வேதனையான விடயமும் உண்டு. வயது போனவர் தாங்கமாட்டார் என்று உடன்பிறந்தோரின் மரணத்தையே சில வீடுகளில் மறைத்துவிடுகிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றுக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் தொலைபேசித் திரையிலேயே இறுதிக் கிரியைகளைக் கண்டன. அப்போதும் வீட்டின் மூத்தவருக்கு அது காட்டப்படாத இடங்கள் உண்டு. போரையும் பட்டினியையும் பிள்ளைகளின் இழப்பையும் தாங்கியவருக்குத் தன் தமக்கைக்காக அழும் வலு இல்லையா? நல்ல செய்தியை மட்டும் கேட்கவிட்டால் அவரைக் குழந்தையாக்கிவிடுகிறோம். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

"மாதாமாதம் காசு அனுப்புகிறோமே, போதாதா?" என்று சிலர் கேட்பர். காசு வேண்டும், மருந்துக்கும் பாலுக்கும் அது உதவும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்றும் அவர்களின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் கூறுகிறது. பேச்சுத்துணை அத்தேவைகளுள் ஒன்று அல்லவா? அதேவேளை, தொலைபேசி கொடுத்துவிட்டோம், இனிப் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணுவதும் தவறு. படலை திறந்து வரும் காலடிக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு முதியவரிடமும் "யாரோடு கதைக்க விருப்பம்?" என்று முதலில் கேளுங்கள். நாம் நினைக்கும் பெயர் வேறு, அவர் சொல்லும் பெயர் வேறாக இருக்கும். தொலைந்துபோன பழைய அயலவரின் இலக்கத்தைத் தேடிக் கொடுப்பது பெரும் கொடை.

2. பிள்ளைகள் தமக்குள் முறை வகுத்து, கிழமைக்கு ஒருவராக, குறித்த நாளில் குறித்த நேரத்தில் அழையுங்கள். காத்திருக்க ஒரு நாள் இருப்பதே முதியவருக்கு உற்சாகம்.

3. கிராமத்து முதியோர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, தனித்து வாழும் முதியவருக்குத் தினமும் காலையில் ஓர் அழைப்பு எடுக்க ஒழுங்கு செய்யலாம். பதில் இல்லையேல் உடனே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

4. றீலோட் போடுவதையும் சார்ஜ் ஏற்றுவதையும் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளையிடம் பொறுப்புக் கொடுங்கள்.

5. வங்கி இலக்கம், இரகசிய எண் கேட்டு வரும் ஏமாற்று அழைப்புகள் பற்றி எச்சரியுங்கள். "காசுக் கதை என்றால் வைத்துவிடுங்கோ" என்ற ஒரே விதி போதும்.

காணியின் எல்லைப் பனை எது, தூர்ந்த கிணறு எங்கே, எந்த மண்ணுக்கு எந்த நெல் என்பவற்றை அறிந்தவர்கள் இவர்களே. ஆவணங்கள் அழிந்த ஊர்களில் இவர்களின் நினைவே பலருக்கு உறுதியாக நின்றது. ஆனால் பயன் உண்டென்பதற்காக மட்டும் இவர்களோடு கதைக்க வேண்டியதில்லை. இவர்கள் எம்மவர்கள் என்பதே போதிய காரணம். இந்தக் கிழமையே ஒரு பட்டன் போனை எடுத்து, ஓர் இலக்கத்தைப் பதிந்து, ஆச்சியின் கையில் கொடுங்கள். பிறகு சற்று விலகி இருங்கள்; அவர் கதைக்கட்டும்.