கூண்டு வண்டியும் கோடை லீவும்



மே மாதத்தில் கொடைக்கானலில் ரூம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வாடகையைக் கேட்டதும், "பேசாமல் சிறுமலைக்கே போய்ட்டு வந்திடலாம்" என்று சொல்லாத திண்டுக்கல் குடும்பம் உண்டா?

அப்போதுதான் பையன் மொபைலை நீட்டுவான். "அப்பா, இந்த மாதிரி வண்டியிலயே படுக்கை வெச்சுக்கிட்டா என்ன?"

நல்ல கேள்விதான். நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் செய்தும் காட்டியிருக்கிறார். நாமக்கல் மாவட்டத்துக் கட்டடக் கலைஞர் அருண் பிரபு, சுமார் ஒரு லட்ச ரூபாயில் ஒரு சரக்கு ஆட்டோவின் மேல் ஒரு குட்டி வீட்டையே கட்டினார். ஆறுக்கு ஆறு அடி. அதற்குள் படுக்கை, சமையல் இடம், கழிப்பறை! இடித்த கட்டடங்களின் பொருட்களும் பழைய பஸ் தகடும்தான் மூலப்பொருள். 2021-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவே வியந்து பாராட்டினார்.

ஆனால் அது பெட்டி வடிவம். நீங்கள் செய்வதானால் வளைந்த கூரையாக யோசியுங்களேன்.

ஏன் என்கிறீர்களா? மாதக் காலண்டர் தாள் ஒன்றை ஓரத்தில் பிடியுங்கள், தொங்கிவிடும். நடுவில் லேசாகக் குழித்துப் பிடியுங்கள், விறைப்பாக நிற்கும். வளைத்தால் மெல்லிய பொருளுக்கும் பலம் வந்துவிடுகிறது. மழைத் தண்ணீர் தேங்காது, ஆடிக் காற்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியாததா? பழனிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களாயிற்றே! மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை நெருப்பில் வாட்டி வளைத்து, இரண்டு பக்கச் சட்டத்திலும் செருகி, குறுக்கே கட்டி, மேலே பாய். உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம். மாடு இழுக்க வேண்டுமே என்ற கவலை இருந்ததால், ஒரு குச்சிகூட அதிகம் போட மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. பட்டறைக்குப் போனால், "சார், ஸ்கொயர் டியூப்ல அடிச்சு, மேல ஜி.ஐ. ஷீட் போட்டுடலாம்" என்பார்கள். வலுவாகத்தான் இருக்கும். ஆனால் எடை? நம் ஊர் வெயிலில் அந்த ஷீட் தோசைக்கல்தான். உள்ளே படுப்பவர் நாம்!

அதற்குப் பதிலாக, மெல்லிய பிளைவுட்டை வில்லாக வெட்டி, சுமார் ஓர் அடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள். இடையில் தெர்மாகோல் மாதிரி வெப்பம் தடுக்கும் ஷீட். மேலே கெட்டி கேன்வாஸை ஒரே துண்டாக இழுத்துப் பசையால் ஒட்டி, வெளிச்சுவர் பெயின்ட்டை இரண்டு மூன்று கோட் அடித்தால் போதும். அமெரிக்காவில் வீட்டிலேயே குட்டி டிரெய்லர் செய்பவர்கள் பலர் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். நமக்கு இது புதுசா? ஒகேனக்கல் பரிசலில் மூங்கில் பின்னல் மேல் அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். பரிசலைக் கவிழ்த்துப் போட்டால் அதுதானே கூரை! ஆணி அடித்த இடமும் ஒட்டுப் போட்ட இடமும்தான் முதலில் ஒழுகும் என்பதை எந்தப் பரிசல்காரரும் சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. காரின் பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். எனவே, பிளைவுட் வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸ். கேஸ் அடுப்பை உள்ளே வைப்பதாக இருந்தால், கூரையிலும் கீழேயும் காற்று போக வழி விட்டே ஆக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் வரைந்து, பெருமையாக வீட்டில் காட்டினேன். வளைவு, எடை, பெயின்ட் எதையும் கேட்கவில்லை. "எல்லாம் சரிங்க, ராத்திரி பாத்ரூமுக்கு வண்டியை எங்க நிறுத்துவீங்க?" என்றார் மனைவி.

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்