பி.காம் படிக்கிறவனுக்கு ஆம்பியர் எதுக்கு?

"டெபிட், கிரெடிட் படிக்கிறவனுக்கு கரண்ட் பாடம் எதுக்குடா?" என்று கிண்டலடிக்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

2023 மார்ச்சில் நம்ம தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்துப் போயின. விளைநிலத்து வேலியில் திருட்டுத்தனமாக விட்டிருந்த கரண்ட். இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அது குற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. சோலார் வேலியில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறதே, அதைத் தொட்ட யானை ஏன் சாவதில்லை?

அதில் கரண்ட் நொடிக்கு ஒரு முறை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லாமல் சுண்டிவிட்டு நின்றுவிடும். வீட்டு 230 வோல்ட் நிற்காது. பிடித்த கையை விடவும் விடாது. கொல்வது வோல்ட் எண் மட்டுமல்ல. உடம்பில் ஓடும் கரண்டின் அளவும், ஓடும் நேரமும்தான்.

"எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கே" என்பீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. மனிதனைக் கொல்ல மில்லி ஆம்பியர் கணக்கே போதும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் டேலி ஆகாமல் 30 மில்லி ஆம்பியர் இடித்தாலே கட் செய்துவிடும். இதைவிட காமர்ஸ்காரனுக்குப் புரிகிற பாடம் உண்டா?

ஓம் விதியைப் பத்தாம் வகுப்பில் எல்லாரும்தான் படித்தோம். கணக்குப் போட்டோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். மெயின் போர்டைத் திறந்து காட்டத்தான் யாருமில்லை.

இன்றைக்கே பாருங்கள். 'டெஸ்ட்' பட்டன் இருக்கிற ஆர்.சி.சி.பி. இருந்தால் அமுக்கிப் பாருங்கள், உடனே கட் ஆக வேண்டும். ஆகவில்லையா, அல்லது ஆர்.சி.சி.பி.யே இல்லையா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வந்து என்னைக் கிண்டலடிங்க :)